தெருவுக்குக் கட்டம் இல்லை

ஆமாம், என் கையெழுத்துதான். கண்ணாடி போடாமலே தெரிகிறது. அந்த 'கே' எழுத்தின் காலைப் பார், கீழ்க்கோட்டைத் தாண்டிக்கொண்டு போகிறது. கண்டியில் எங்கள் ஆங்கில டீச்சர் அந்தக் காலுக்காகவே என் விரலில் அடித்திருக்கிறார். கீழே கையொப்பமும் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்ப உதவியவர், செல்வி தேவகுஞ்சரி, வெள்ளிமலைத் தோட்டம், ரத்தோட்டை. அந்தச் செல்வி நான்தான்.

உட்கார், மகள். நீ என்றே சொல்கிறேன், வருத்தப்படாதே. இந்தக் கோத்தகிரியில் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நாக்கு. மகள் என்று கூப்பிடுவது அதற்கும் முந்தின பழக்கம், சிலோன் பழக்கம்.

பெயர் என்ன சொன்னாய்? பிரவீணா. பழனியாண்டியின் பேத்தி. பழனியாண்டியை எனக்கு ஞாபகம் இருக்கிறது. இல்லை, பொய் சொல்லக் கூடாது, முகம் ஞாபகமில்லை. காது ஞாபகம் இருக்கிறது. கடுக்கன் போட்ட ஓட்டை பெரிதாக இருக்கும், கடுக்கன் இருக்காது.

நீ வாசலில் நின்று ஒரே மூச்சில் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன், சரியா பார். உன் அப்பா செல்லத்துரை திருப்பூரில் இருக்கிறார். சாயப்பட்டறையில் இருபது வருடம் இழுத்த காற்று நுரையீரலைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர், "என்னக் கொன்றைக்குளத்துக்குக் கொண்டுபோ, சொந்த மண்ணுல போடு" என்கிறார். கொன்றைக்குளத்துப் பஞ்சாயத்துத் தலைவர், "நீங்க எந்தத் தெரு, யாருக்கு என்ன முறை, எழுத்துல கொண்டா, அப்பறம் பேசலாம்" என்கிறார். உன்னிடம் இருப்பது உன் தாத்தா பிஸ்கட் டின்னில் வைத்திருந்த இந்தக் கார்பன் நகல். இதில் ஊர் இருக்கிறது, தெரு இல்லை. அதனால் எழுதியவளைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாய். பையில் இருபது ரூபாய்ப் பத்திரம். அதில் நான் தெருவை எழுதிக் கையொப்பம் போட வேண்டும். நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதானே?

தண்ணீர் குடி. அவசரப்படாதே. ஐம்பத்து நாலு வருடத்தில் அந்தப் படிவத்தோடு இந்த வீட்டுப் படியேறிய முதல் ஆள் நீ. எத்தனை குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தேன் தெரியுமா? இருநூற்றுப் பதினாறு. ஒரு ஆள் வந்து, "டீச்சர், நல்லாருக்கீங்களா?" என்று கேட்டதில்லை. முதல் ஆளாக நீ வந்தாய், நீயும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற முகத்தோடு வந்தாய். பரவாயில்லை. வந்தாயே.

எழுதித் தருகிறேன். ஆனால் எழுதின கதையை நீ கேட்க வேண்டும். கேட்காமல் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போகாதே. ஒரு தடவை அப்படி வாங்கிக்கொண்டு போனது போதும்.

அறுபத்தொன்பதாம் வருடம். எனக்கு இருபத்தொரு வயது. எங்கள் தோட்டத்தில் எச்.எஸ்.சி. முடித்த முதல் பெண் நான். அப்பா தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டினார், அதனால் படிக்க முடிந்தது. அப்போது எங்களுக்கு நாடு கிடையாது. நூறு வருடமாய்க் கொழுந்து பறிக்கிற சனத்துக்கு நாடு கிடையாது. இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இந்தியாவுக்குப் போக வேண்டுமென்றால் நாலு பக்கப் படிவம், ஆங்கிலத்தில். பேர், அப்பன் பேர், பாட்டன் பேர் எல்லாம் சொல்லிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் வினை. பாட்டன் பிறந்த இடம். ஊர், தபால், தாலுகா, ஜில்லா. நாலு கட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் மேசை போட்டு உட்காருவேன். பெரட்டுக்களம் என்றால் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடம். கொடிக்கயிறு மாதிரி வரிசை நீளும்.

"எந்த ஊருங்க ஐயா?" என்பேன்.

"இந்தியாதான், தங்கச்சி."

"இந்தியாவுல எந்த ஊரு?"

"கப்பலடிக்குப் பக்கம்."

பின்னால் நிற்கிறவன், "டேய், இந்தியாவே கப்பலடிக்குப் பக்கம்தான்டா" என்பான். களமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிப்பு நிறைய இருந்தது, மகள், அதை யாரும் எழுதுவதில்லை.

காத்தாயி என்று ஒருத்தி. "எங்கப்பன் ஊரு ஆத்தோட போயிருச்சு" என்றாள். "ஊர் போனாலும் பேர் இருக்குமே, ஆயா?" என்றேன். "பேரும் போயிருச்சு புள்ள. நீயே நல்ல ஊரா ஒண்ணு போட்டுக் குடு. தண்ணி இருக்கற ஊராப் போடு" என்றாள்.

போடவில்லை. முதலில் போடவில்லை. தெரியாதவர்களுக்குக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். நியாயமாக நடந்தேன். என்ன ஆயிற்று? இரண்டு மாதத்தில் பதினொரு படிவம் திரும்பி வந்தது, வெறும் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு சுழி. காத்தாயி அந்தச் சுழியைத் தொட்டுப் பார்த்து, "பொட்டு வச்சு அனுப்பிருக்காக" என்றாள். நான் போய் அது பொட்டு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு முழு முகவரியோடு தெரிந்த இந்திய ஊர் ஒன்றே ஒன்று. எங்கள் அப்பாவுக்கு வருடத்துக்கு ஒரு கடிதம் வரும், பெரியப்பாவிடமிருந்து. அனுப்புநர் முகவரியை நான்தான் வாசித்துக் காட்டுவேன். கொன்றைக்குளம், முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா.

ஆமாம். என் ஊர். என் அப்பாவின் ஊர்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? பதினொரு பேருக்கு அதை எழுதினேன். அப்புறம் தெரியாது என்று வந்தவர்களுக்கெல்லாம் எழுதினேன். மொத்தம் பத்தொன்பது. ஒரு படிவம்கூடத் திரும்பி வரவில்லை. எனக்கு இருந்தது ஒரே ஊர், மகள். அதைப் பத்தொன்பது குடும்பத்துக்குப் பங்கு போட்டேன். யார் செய்வார்? ஊருக்கெல்லாம் படிவம் எழுதுகிறவர்கள் அந்தக் காலத்தில் என்னென்ன வாங்கினார்கள், எனக்குத் தெரியும். நான் கை நீட்டினதில்லை.

யாரது? வாங்க கமலவேணி. பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போங்க. இதுவா? என் பழைய மாணவி ஒருத்தியோட மகள். சும்மா பார்க்க வந்திருக்காள். ஆமா, திருப்பூர். ஆமா, அங்கேயெல்லாம் வெயில்தான். சரி, சாயங்காலம் வர்றேன்.

போய்விட்டாள். கதவைக் கொஞ்சம் சாத்து.

பக்கத்து வீடு. நல்லவள்தான். இருபத்தாறு வருடமாக என் வீட்டுக் காப்பியைக் குடிக்கிறாள். "உங்க பக்கம் எல்லாம் என்ன ஊருங்க டீச்சர்?" என்று வந்த புதிதில் ஒரு தடவை கேட்டாள். "சிலோன்" என்றேன். அது நல்ல பதில். சிலோனுக்குத் தெரு கிடையாது. அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் ஒன்றும் மறைக்கவில்லை. கேட்காததை ஏன் சொல்ல வேண்டும்?

எங்கே விட்டேன்? பத்தொன்பது.

இல்லை, பதினெட்டு என்று சொல்ல வேண்டும். பதினெட்டுப் பேருக்கு ஊர் தெரியாது. பத்தொன்பதாவது ஆளுக்குத் தெரியும். நீ படியேறி வந்து பேரைச் சொன்னதிலிருந்து, இதைச் சொல்லாமல் அனுப்பிவிடலாமா என்றுதான் தண்ணீர் குடி, உட்கார் என்று நேரம் கடத்திக்கொண்டிருக்கிறேன்.

உன் தாத்தா ஒரு தூறல் நாளில் வந்தார். சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, கையில் ஏழு வயசுப் பையன். உன் அப்பாதான். வரிசையில் நடுவில் நின்றார். அன்று மத்தியானம் படிவங்களைக் கண்டிக்கு எடுத்துப்போக ஆள் வருகிறான், இன்னும் முப்பது பேர் நிற்கிறார்கள்.

"எந்த ஊருங்க ஐயா?"

"சொல்றேன், தங்கச்சி. மொதல்ல இருந்துதான் வரும். நடுவுல கேட்டா வராது."

கண்ணை மூடிக்கொண்டார். கைகட்டிக்கொண்டு நின்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. பிறகு ஆரம்பித்தார். "தோட்டத்த உட்டு எறங்குனா மாத்தளை..."

தேயிலைக்கு முன்னால் மலையெல்லாம் காப்பித் தோட்டமாக இருந்த கோப்பி காலத்தில் உன் முப்பாட்டன்மார் நடந்து வந்தவர்கள், மகள். ரயில் இல்லை. கரையிலிருந்து காட்டு வழியாக மலைக்கு நடை. பாதி சனம் வழியில் செத்தது. வந்து சேர்ந்தவர்கள் பிள்ளைகளுக்கு அந்த வழியைப் பாடம் பண்ணி வைத்தார்கள். வந்த வழியை இல்லை, போகிற வழியை. மலையிலிருந்து ஊருக்கு. திரும்பிப் போகத்தானே வந்தார்கள்! அப்பன் மகனுக்கு, மகன் அவன் மகனுக்கு. ஒவ்வொரு தங்கலுக்கும் ஒரு அடையாளம், ஒரு எச்சரிக்கை. எழுத்தில்லாதவர்கள் வைத்திருந்த பத்திரம் அது. இப்போது சொல்கிறேன் இதையெல்லாம். அப்போது எனக்கு அது ஒரு கிழவரின் தொணதொணப்பு. கிழவர் என்ன கிழவர், நாற்பது வயதிருக்கும்.

அவர் கடலைத் தாண்டி அக்கரைக்கு வந்துவிட்டார். பாம்பன் என்றார். சத்திரம் என்றார். நான் பேனாவை மேசையில் தட்டினேன்.

"ஐயா, கட்டம் சின்னது. இதையெல்லாம் எழுத முடியாது. கடைசி ஊரை மட்டும் சொல்லுங்க."

"கடைசிக்குத்தான் தங்கச்சி போய்க்கிட்டிருக்கேன்."

"போகிற மாதிரி தெரியலையே. கப்பலை விட்டு இறங்கி இன்னும் கஞ்சி குடிச்சிட்டு இருக்கீங்க!"

பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். சொன்னேனே, சிரிப்பு நிறைய இருந்தது என்று.

கண்ணைத் திறந்துவிட்டார். உதடு அசைகிறது, வார்த்தை வரவில்லை. "அந்துபோச்சு. மறுபடி மொதல்ல இருந்து சொல்லட்டா?" என்றார். "தோட்டத்த உட்டு எறங்குனா..."

"வேண்டாங்க ஐயா" என்றேன். "கொன்றைக்குளம்னு போட்டிருக்கேன்."

அந்த வார்த்தையைச் சொல்லும்போதே எழுதிவிட்டேன். பார், இங்கே எழுத்து கொஞ்சம் இழுத்திருக்கிறது.

"அதுவா எங்க ஊரு?" என்றார்.

"அதுதான்."

அதுதான் என்றேன், மகள். 'இருக்கலாம்' என்றுகூடச் சொல்லவில்லை.

"படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். பையனைக் குனிந்து பார்த்து, "சொல்லுடா, கொன்றைக்குளம்" என்றார். அவன் சொன்னான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவனும் சொன்னான். மறுநாள் ஒரு வட்டுக் கித்துள் கருப்பட்டி கொண்டுவந்து எங்கள் வீட்டுப் படியில் வைத்துவிட்டுப் போனார். கை நீட்டினதில்லை என்றேன் இல்லையா? கருப்பட்டி மட்டும். நல்ல கருப்பட்டி.

என்ன? என்ன சொல்கிறாய்? கொஞ்சம் உரக்கச் சொல், இந்தப் பக்கக் காது மந்தம்.

ஓ.

அப்படியா சொன்னார் உன் அப்பா? தாத்தா தினமும் பொழுது சாயும்போது, பையனின் காலைக் கழுவிவிட்டுக்கொண்டே சொல்லுவாராமா? காலைக் கழுவிக்கொண்டே வழியைச் சொல்லுவாரா? அன்றோடு நிறுத்திவிட்டாரா? பையன் கேட்டதற்கு...

"இனி எதுக்குடா. கடுதாசியில இருக்கு."

வேறென்ன சொன்னார்? அவ்வளவுதானா. சரி.

எனக்கு இது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஊர்ப் பெயர் மட்டும்தான் என்னால் மாறிப்போனது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்தொன்பது குடும்பமும் எழுபத்து மூன்றிலிருந்து ஒவ்வொன்றாக அக்கரை இறங்கின. பெரும்பாலானவர்கள் கெட்டிக்காரர்கள். கொன்றைக்குளம் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு நேராக நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஏறிவிட்டார்கள். தேயிலைச் செடியைக் கண்டால்தான் அவர்களுக்கு மூச்சு வந்தது. காத்தாயி கூடலூர்ப் பக்கம் இருந்து செத்தாள். அவளுக்கு ஊர் ஒரு கட்டம்தான், நிரப்பியாயிற்று, விட்டது. உன் தாத்தா ஒருவர்தான் அதை ஊர் என்று நம்பினார்.

நீ வாசலில் சொன்னாயே, நாலு தெருவிலும் போய் நின்றார் என்று. முதல் தெருவில் தன் பாட்டன் பேரைச் சொல்லி, "இவுக வகையறா யாராச்சும் இருக்காகளா?" என்று கேட்டார். "நம்ம தெரு இல்ல, அடுத்த தெருவுல கேளு" என்றார்கள். அடுத்த தெருவில் அதற்கு அடுத்த தெரு. மூன்றாவதில் அதட்டி அனுப்பினார்கள். நாலாவது கீழத்தெரு. அதற்கப்புறம் தெரு இல்லை, குளம்தான். குளத்துக் கரையில் குடிசை போட்டார்.

நான் என்ன செய்ய, சொல்? படிவத்தில் தெருவுக்குக் கட்டம் இல்லை. ஊர் கேட்டார்கள், தபால் கேட்டார்கள், தாலுகா கேட்டார்கள். அந்த ஊர் ஒரு மனிதனைப் பார்த்ததும் முதலில் கேட்கிற கேள்வியைப் படிவம் போட்டவன் கேட்கவில்லை. ஊர் என்றால் ஒன்று என்று நினைத்துவிட்டான். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். லயத்தில் பிறந்தவள் எனக்கென்ன தெரியும்? ஒரே கூரை, இருபது காம்பிரா, அறைக்கு ஒரு குடும்பம்.

கேட்கப் போகிறாய், தெரிகிறது. கேள். நான் எந்தத் தெரு என்றுதானே?

கீழத்தெரு.

சொல்லிவிட்டேன். இந்த வீட்டுக்குள் இந்த வார்த்தை இரண்டாம் தடவை வருகிறது. முதல் தடவை வந்தது எண்பத்தொன்றில். பெரியப்பா மகன் சின்னராசு விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டான். எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம். என் வீட்டுக்காரர் எங்களைச் சேர்ந்தவர் இல்லை. அவருக்கு எல்லாம் தெரியும், அவர் அம்மாவுக்குத் தெரியாது. அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார். சின்னராசு இந்த வாசலில் நிற்கிறான். நான் கதவை இடுப்பளவு திறந்து வைத்துக்கொண்டு பேசினேன்.

"அக்கா, நாங்க கீழத்தெருவுல இருந்து..." என்று ஆரம்பித்தான். "மெதுவாப் பேசு" என்றேன்.

அவன் மெதுவாகப் பேசினான். "சிலோன்ல இருந்து ஒரு ஆளு வந்து கொளத்துக் கரையில கெடக்கான்க்கா. பழனியாண்டின்னு பேரு. எட்டு வருசமாச்சு. இதான் எங்க ஊருங்கறான். கேட்டா உன் கைப்பட எழுதுன கடுதாசிய எடுத்துக் காட்டுறான். மேலத்தெருக்காரங்க, உங்க ஆளா இருந்தா நீங்க கூட்டிக்கங்கன்னு சொல்றாங்க. நம்ம ஆளாக்கா? ஒரு வார்த்தை சொல்லு, எடம் குடுத்துருவோம்."

ஒரு வார்த்தை.

கூடத்திலிருந்து மாமியார், "யாரு குஞ்சரி?" என்றார்.

"விலாசம் தவறி வந்திருக்காங்க அத்தை" என்றேன். பிறகு அவனிடம், "எனக்குத் தெரியாது" என்றேன். கதவைச் சாத்தினேன்.

நான் சொன்னது பொய்யா? நியாயமாகச் சொல். அவர் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாதுதானே? வாழ்நாளிலேயே அன்றுதான் அந்த மனிதரைப் பற்றி நான் உண்மையைச் சொன்னேன். ஊர் தெரியாதபோது தெரியும் என்றேன், அவருக்கு ஊர் கிடைத்தது. ஆள் தெரியாது என்றேன், அந்த ஊரும் போயிற்று. உண்மை பேசினதற்கு இதுவா கூலி?

அழாதே. அழுகிறாயா? இல்லை, நீ அழவில்லை. சரி.

எண்பத்தெட்டில் செத்தார் என்றாய். ஊர்ச் சுடுகாட்டில் இடமில்லை என்றார்கள். கீழத்தெருக்காரர்களும், "எங்க ஆளுன்னு சொல்ல ஒருத்தரும் இல்லியே" என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில் குளத்துக் கரையிலேயே, குடிசைக்குப் பின்னால். போன கோடையில் குளம் தூர்வாரினார்கள். மண்வாரி இயந்திரம் கரையைச் செதுக்கியதில் மண்ணோடு எலும்பும் டிராக்டரில் ஏறிவிட்டது. உன் அப்பா செய்தி கேட்டு ஓடினபோது எந்த வயலில் கொட்டினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மூச்சு முட்டுகிற மனிதர் மூன்று நாள் வயல் வயலாக நடந்தார். அதிலிருந்துதான் இந்தப் பிடிவாதம். முறையான இடத்தில், நம் சனத்தோடு, யாரும் தோண்டாத மண்ணில். அதைத்தானே கேட்கிறார்.

கொடு. பத்திரத்தைக் கொடு, மகள். எழுதுகிறேன்.

பழனியாண்டி என் பாட்டனாரின் தம்பி பேரன். எனக்கு அண்ணன் முறை. கீழத்தெரு. செல்லத்துரை எனக்கு மகன்... இல்லை, அண்ணன் மகன், மருமகன் முறை. இப்படி எழுதிக் கையொப்பம் போட்டால் கீழத்தெரு இடம் கொடுக்கும். சின்னராசுவின் மகன்தான் இப்போது அங்கே நாட்டாமை என்று கேள்வி. வேண்டுமானால் போனில் நானே பேசுகிறேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பேசுகிறேன். கமலவேணி கேட்டால் கேட்கட்டும். எழுபத்தைந்து வயதில் காப்பிக்கு ஆள் வராவிட்டால் என்ன? எழுதிவிடுகிறேன். இந்தத் தடவை தெருவோடு எழுதுகிறேன்.

ஏன் இழுக்கிறாய்? கிழிந்துவிடும்.

என்ன கேட்டாய்?

உண்மையா என்றா கேட்கிறாய்? பத்திரத்துக்கு எதற்கு உண்மை? உன் அப்பாவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். ஒரு வாரத்தில் உண்மையைத் தேடுவாயா, இடத்தைத் தேடுவாயா?

...

சொல்லிவிட்டாய். இந்தக் காதிலும் நன்றாகத்தான் கேட்டது. "எங்க தாத்தாவ உங்க ஊர்லதான் பொதைச்சோம். எங்கப்பாவயும் அங்கயே பொதைக்கணுமா டீச்சர்?"



பத்திரத்தை உள்ளே வைத்துவிட்டாயே. அப்புறம் என்ன எடுக்கிறாய்? கார்பன் நகலைத் திருப்பி என்னிடம் நீட்டுகிறாய். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இதில் என்ன எழுத?

ஓ. அவர் சொன்னதையா.

அப்படியா நினைக்கிறாய்? ஏழு வயது வரைக்கும் தினமும் கேட்டவர். முதலிலிருந்து சொன்னால்தான் வரும். உன் அப்பாவுக்கு முதல் பாதி கிடைத்தால், மீதி தானே வாயில் வந்துவிடுமென்று நினைக்கிறாய். வரலாம். மூச்சு விட முடியாதவருக்கு... வரலாம். காலைக் கழுவிக்கொண்டே படித்துக் காட்டு. சிரிக்காதே, சும்மா சொல்லவில்லை. காலைக் கழுவிக்கொண்டே.

கண்ணாடி அங்கே ஜன்னலில் இருக்கிறது, எடு. பேனா எழுதுகிறதா பார்.

தோட்டத்தை விட்டு இறங்கினால் மாத்தளை. அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், என் நடையில் இல்லை. தோட்டத்த உட்டு எறங்குனா மாத்தளை. மாத்தளைக்கு அங்கிட்டு நாலந்தை, பாலத்துக்குக் கீழ படுக்கை. அப்புறம் தம்புள்ளை. பாறைக்கு அடியில சோறாக்கு. தம்புள்ளைக்கு முன்னால் இன்னொன்று சொன்னாரோ? இல்லை. சொல்லவில்லை. மதவாச்சி. மதவாச்சியில கெணத்துத் தண்ணி குடிக்காத, மூத்தவ அங்கதான் போனா. ஆமாம், மூத்தவ என்றார். யார் மூத்தவள் என்று கேட்டிருக்கலாம். மன்னார். கழுதை நிக்கும், பயப்படாத. அப்புறம் கடல். கடலுக்கு, கண்ண மூடிக்க, அவ்வளவுதான். அக்கரை பாம்பன். பாம்பன் சத்திரத்துல உப்புக் கஞ்சி குடு...

'குடு' என்றுதான் நின்றது. குடுப்பாகவோ, குடுத்தாகவோ.

மணி நாலே கால். பஸ் ஸ்டாண்டுக்கு இறக்கம்தான், ஓடினால் பிடித்துவிடுவாய். ஏன் நிற்கிறாய்? தாளில் இன்னும் இடம் இருக்கிறது, தெரிகிறது. பாதிக்கு மேல் இருக்கிறது. எவ்வளவு பெரிய கட்டம்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, மகள். அதற்குப் பிறகு நான் பேசினேன்.